ஒன்பதாம் நம்பர் மலைக் குளவிக்கூடு

காலை ஆறரை மணிக்கு, சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, மூன்றாவது நாளாக இல்லாத புலியைத் தேடி ரிவஸ்டன் மலையில் ஏறிக்கொண்டிருந்தாள் நிரஞ்சனி. இல்லாத புலி என்று வாய்விட்டுச் சொன்னால் முன்னால் போகிற அவள் புருசனுக்குப் பொல்லாத கோபம் வரும். இந்த மலையில் புலி உண்டு, உண்டு, உண்டு என்று யோகேந்திரன் மூன்று நாளாகச் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வதிலும் பொய் இல்லை, சிறுத்தையைத்தான் அங்கே புலி என்பார்கள், அது உண்டுதான். ஆனால் இப்போது இங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்பது அந்த மூன்று பேரில் நிரஞ்சனிக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே புருசனுக்குப் பின்னால் மலை ஏறுவது இருக்கிறதே, அது தோட்டத்தில் பச்சைத் தேயிலைக் கொழுந்து முப்பது கிலோவைச் சுமப்பதைவிடப் பாரமாக இருந்தது.

நடுவில் நடந்தவர் ஸில்மியா. மாத்தளை டவுனில் மருந்துக் கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். தலையைச் சுற்றிய முக்காட்டுக்கு மேல் ஒரு தொப்பி, கழுத்தில் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துப் பிடித்த கேமரா. புலியைப் படம் எடுக்க ஒரு வருசத்தில் மூன்றாவது தடவையாக வந்து, யோகேந்திரன் வழிகாட்டியாக இருக்கும் விடுதியில் தங்கியிருக்கிறார். பெண் தனியாக வந்தால் கூட ஒரு பெண் போகவேண்டும் என்பது விடுதிக்காரர்களின் சட்டம். "வேற யாரையாச்சும் தேடுறதுக்கு நீயே வா. மூணு நாள் கொழுந்துக்குப் போகாட்டி மலை ஓடிறாது" என்று யோகேந்திரன்தான் அவளைக் கூட்டி வந்தான். அவளும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் வந்துவிட்டாள்.

"இன்னைக்குப் பாத்துருவோம் மிஸ். விடிய மழை தூறிருக்கு. ஈரத்துல தடம் நல்லாப் பதியும்" என்றான் யோகேந்திரன்.

"நேத்தும் இப்படித்தானே சென்னீங்க" என்று சிரித்தார் ஸில்மியா. அவர் வாயில் 'சொல்' எப்போதும் 'செல்' என்றுதான் வரும். "நேத்து மழை இல்லாததால காய்ஞ்ச எலையில சத்தம் கேக்கும் எண்டீங்க."

"நேத்து நேத்துதான மிஸ்."

காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை. யோகேந்திரன் பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பாறையடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டான். அதற்கு மேலே போனால் புலியைப் புலி என்று சொல்லக்கூடாது. பெரியவர் என்றுதான் சொல்லவேண்டும், பெயரைச் சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும். முதல் நாள் இதைக் கேட்ட ஸில்மியா, "அவருக்குக் காது கேக்குது, எனக்குத்தான் கண் தெரியல்ல போல" என்று சொல்லித் தானும் ஒரு கொப்பை ஒடித்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து நிரஞ்சனிக்கு அந்த மனுசியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ரிவஸ்டன் காற்றைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே காற்று வீசுவதில்லை, ஆளைப் பிடித்துத் தள்ளும். மரங்களெல்லாம் இடுப்புக்குமேல் வளராமல் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஐந்து நிமிசம் வெயில், அடுத்த ஐந்து நிமிசம் முன்னால் போகிற ஆளின் முதுகு தெரியாத மூட்டம். அந்த மூட்டத்துக்குள் யோகேந்திரன் குனிந்து குனிந்து மண்ணைப் பார்த்தான். மரை மானின் குளம்புத் தடம் கிடைத்தது. காட்டுப்பன்றி கிளறிப்போட்ட மண் கிடைத்தது. ஓரிடத்தில் மயிர் கலந்து வெளுத்துப்போன பழைய விட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க நிரஞ்சனிக்கு ஐயோ என்றிருந்தது.

"பாத்தீங்களா மிஸ்! பெரியவரு இந்த வழியாத்தான் போயிருக்காரு."

"எப்ப?"

"ஒரு... மாசம் இருக்கும்."

"அப்ப இந்த நேரம் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேந்திருப்பார்" என்றார் ஸில்மியா. யோகேந்திரனும் சேர்ந்துதான் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு அவன் திரும்பி நடந்தபோது தோள் தொங்கிப்போயிருந்ததைப் பின்னால் வந்தவள் பார்த்தாள்.

அவன் கவலைக்குக் காரணம் இருந்தது. எட்டு வாரமாக யோகேந்திரனோடு போன யாரும் புலியைப் பார்க்கவில்லை. விடுதி மெனேஜர் நல்ல மனுசன்தான், ஆனால் வியாபாரி. இந்தப் பயணத்திலும் கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து சீகிரியாப் பக்கத்து வழிகாட்டி ஒருவனை எடுக்கப்போவதாக முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்படியானால் யோகேந்திரனுக்குத் திரும்பவும் கொழும்புதான். ஆறு வருசம் அங்கே ஒரு இரும்புக் கடையில் நின்றவன். இளையவள் விதுஷா பிறந்து நாற்பதாம் நாள்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். வந்து தூக்கினபோது பிள்ளை வீறிட்டு அழுதது, தூக்கினவனும் அழுதான். இரண்டு வருசத்துக்கு முன் இந்த வேலை கிடைத்த பிறகுதான் வீட்டில் நான்கு தட்டு வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். எட்டு வயது தர்சன் இப்போது அப்பா இல்லாமல் தலை முடி வெட்டப் போகமாட்டான்.

அந்த நாலாவது தட்டைத்தான் நிரஞ்சனி பதிமூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு பணயம் வைத்திருந்தாள்.

தோட்டத்தில் தேயிலை நிலத்துக்கு மலை என்றுதான் பெயர், அதற்கு நம்பரும் உண்டு. ஒன்பதாம் நம்பர் மலையின் கீழ்க்கோடியில் ஒரு ஓடை, அதை ஒட்டி ஆள் உயரத்துக்கு மானாப்புல். பதிமூன்று நாளைக்கு முன் நிரஞ்சனி அந்த ஓரத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டு வந்தவள், கடைசிச் செடியை விலக்கியபோது புல்லுக்குள் பூனைக்குட்டி அளவில் இரண்டு கிடந்தன. கண் திறந்து ஒரு வாரம் இருக்கும். அவளுக்குப் புரிவதற்குள் அவற்றுக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள் அவளைப் பார்த்தன. அது பாயவும் இல்லை, உறுமவும் இல்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த களைப்போடு பார்த்தது. நிரஞ்சனி கூடையோடு பின்பக்கமாகவே நடந்து வந்து, அடுத்த நிரையில் கொழுந்து எடுத்த நல்லம்மாவின் மேல் முட்டி நின்றாள்.

அந்தக் கொழுந்துக் கூட்டத்தில் ஒன்பது பெண்கள். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று முடிவெடுக்க அவர்களுக்கு இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. இரண்டு வருசத்துக்கு முன் கீழ்ப்பிரிவில் இதேபோல ஒரு புலி குட்டி போட்டிருந்தது. யாரோ ஒரே ஒரு திரீவீல் ஆட்டோக்காரனிடம் சொன்னார்கள். மறுநாள் றோட்டில் நாற்பது வாகனம். ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். போன தாய் திரும்பி வரவில்லை. குட்டிகள் இரண்டு நாள் கத்தின, பிறகு கத்தவில்லை. அந்தச் சத்தம் தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கேட்டது. நிரஞ்சனி அப்போது விதுஷாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். குட்டிகள் கத்தும்போதெல்லாம் அவளுக்குச் சட்டை நனைந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாதே. அந்த மூலையைக் கொழுந்து எடுக்காமல் விட்டால் கங்காணி மாடசாமி கேட்பார். அப்போதுதான் நிரஞ்சனி தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் கிழித்து ஓரத்துச் செடியில் கட்டினாள். சிவப்புத் துணி என்றால் குளவிக்கூடு. அதைத் தாண்டி ஒருத்தரும் போகமாட்டார்கள். தொரையே வந்து சொன்னாலும் போகமாட்டார்கள். அந்தத் தோட்டத்தில் அந்தத் துணியை வைத்து அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை.

பொய் சொல்ல எல்லாரையும்விடக் கூசவேண்டியவள் நிரஞ்சனி. ஒன்பது வருசத்துக்கு முன் அவளுடைய மாமியார் வேலம்மா குளவி கொட்டித்தான் செத்தாள். கல்யாணமாகி மூன்றாவது மாதம், நிரஞ்சனி பக்கத்து நிரையில் நின்றாள். காற்றில் சவுக்குக் கொப்பு ஒடிந்து கூட்டோடு விழுந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். என்ன ஏது என்று தெரியாமல் நின்ற மருமகளின் மேல் வேலம்மா தன் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டு மூடி, மேலே படுத்துக்கொண்டாள். யோகேந்திரன் தாயை முதுகில் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினான், லொறியில் போகும்போதே உயிர் போய்விட்டது. அதிலிருந்து தோட்டத்தில் எங்கே சிவப்புத் துணி இருந்தாலும் அவன் போய்ப் பார்ப்பான். மழையில் வெளுத்துப்போனதை மாற்றிக் கட்டுவான். ஒன்பதாம் நம்பர் மலையில் துணியைப் பார்த்ததும் அன்றைக்கே கேட்டான்.

"எவ்வளவு பெரிய கூடு?"

நிரஞ்சனி கைகளை விரித்துச் சோற்றுப்பானை அளவு காட்டினாள். அவன் உடனே போய், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ஓடையின் மறுகரையிலும் ஒரு துணி கட்டிவிட்டு வந்தான்.

பதினொரு மணிக்கு, கைவிட்டுப்போன ஏலக்காய்க் காட்டுக்குள் இறங்கினார்கள். அங்கே காற்று இல்லை. ஸில்மியா ஒரு மரத்தண்டில் மூக்கில் இலைபோல ஒன்று முளைத்த ஓணானைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் மண்டியிட்டு அரைமணி நேரம் இருந்தார். உலகத்திலேயே இந்த மலைகளில் மட்டும்தான் இந்த ஓணான் இருக்கிறதாம். அதற்குத் தன் பெருமை தெரியாது, அது பாட்டுக்கு ஈ பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஈரமில்லாத கல்லாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். நிரஞ்சனி ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும் எடுத்துவைத்தாள். ஸில்மியா மாத்தளைப் பேக்கரியில் வாங்கிய, மீன் வைத்த மாலு பாண் வைத்திருந்தார். இரண்டும் கை மாறின.

"தங்கச்சி, இந்தச் சம்பல்ல என்னத்தப் போட்டீங்க? கண்ணால தண்ணி வருது, ஆனா கை நிக்குதில்ல."

"கொச்சிக்கா கொஞ்சம் கூடிப்போச்சு மிஸ்."

"கூடட்டும். எங்கட வாப்பா மக்கீன் ஈக்கிறாரே, அவர் அந்தக் காலத்துல மிளகு லொறி ஓடினவர். ஒருநாள் விடிய இந்த றோட்டுல பெரியவரக் கண்டாராம். எங்கட வீட்டுல கண்டது அவர் மட்டும்தான். நான் ஒவ்வொரு தரமும் வெறுங்கையோட போனா, 'கண்டியா மகள்?' எண்டு கேப்பார். இல்ல வாப்பா எண்டா அவருக்கு என்ன சந்தோசம் தெரியுமா! அண்டைக்கு ரெண்டு தட்டு சோறு கூடத் தின்னுவார்."

நிரஞ்சனி வாய்விட்டுச் சிரித்தாள். அதே வேகத்தில் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தாள். இந்த மனுசியிடம் சொன்னால் என்ன? இவர் ஒருத்தர்தானே? ஆனால் கீழ்ப்பிரிவுக்காரர்கள் சொன்னதும் ஒருத்தரிடம்தான். வாயில் இருந்த ரொட்டியோடு அந்தப் பேச்சையும் விழுங்கினாள்.

அந்த நேரம் பார்த்து யோகேந்திரனின் போன் அடித்தது. எழுந்து தள்ளிப் போய்ப் பேசினான். "இன்னும் இல்ல சேர்... பின்நேரம் இருக்கே சேர்... சரி சேர்." திரும்பி வந்தவன் ரொட்டியைத் தொடவில்லை. ஸில்மியா திரும்பவும் ஓணானிடம் போனபின் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்கும் இல்லன்னா அடுத்த மாசம் வேலைக்கு வர வேணாங்குறாரு மெனேஜரு. சித்திரை வருசம் முடியக் கொழும்புக்குப் போறதுதான் நிரஞ்சி. கடையில மொதலாளி இன்னும் எடம் வச்சிருக்காராம்."

"அதெல்லாம் பேசாதீங்க."

"பேசாட்டி நடக்காமப் போகுமா? தர்சன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நெனைச்சுக்கிட்டே நடக்குறேன். அதான் தடம் ஒண்ணும் கண்ணுல படுதில்ல போல."

பழியை அவன் தன் கண்மேல் போட்டுக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மலை உச்சி டவர் அருகே ஏறியபோது அவளுடைய போனில் நல்லம்மா. அவள் பேசினால் போனே தேவையில்லை, நேராகவே கேட்கும். அன்றைக்கு மட்டும் குசுகுசுத்தாள்.

"அடியே, குடி முழுகிப்போச்சு. சின்ன தொரை பெரட்டுல ஆள் கூடுனப்ப சொல்லிட்டாரு. திங்கக்கெழம கம்பெனிக்காரங்க மலை பாக்க வாறாங்களாம். அதுக்குள்ள ஒம்போதாம் நம்பர் குளவிக்கூட்ட எரிக்கணுமாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆளுங்க பந்தத்தோட வாறாங்க."

"கங்காணிகிட்ட சொல்லுங்கக்கா, வேணாம்னு."

"சொல்லிப் பாத்தேன். பத்து நாளா கொழுந்து முத்திக் கெடக்கு, இனி விட ஏலாதுன்னுட்டாரு. பந்தம் மானாப்புல்லுல பட்டா என்னாகும்? காய்ஞ்சு கெடக்குடி. குட்டிங்க ஓடக்கூடத் தெரியாததுங்க. தாய்க்காரி இருந்தா எவன் மேலயாச்சும் பாயாம விடுவாளா? நீதான் ஏதாச்சும் பண்ணனும். துணி கட்டுனவ நீதான."

போனை வைத்தாள். யோகேந்திரன் சற்றுத் தள்ளிப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸில்மியா இன்னும் கீழே மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிரஞ்சனி போய்ப் புருசன் முன்னால் நின்றாள்.

"ஏங்க, ஒம்போதாம் நம்பர் மலையில குளவி இல்ல."

"போயிருச்சா?"

"எப்பவுமே இல்ல. அங்க பெரியவங்க குட்டி போட்டிருக்காங்க. ரெண்டு."

காற்று அடித்ததில் கேட்கவில்லையோ என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டது தெரிந்தது.

"எத்தன நாளா?"

"இன்னையோட பதிமூணு."

"பதிமூணு நாளாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இந்த மூணு நாளும் என் பின்னால நடந்து வந்த."

"வந்தேன்."

"துணிய யாரு கட்டுனா?"

"நாந்தான்."

"நான் போயி ரெண்டாவது துணி கட்டுறப்ப பாத்துக்கிட்டுத்தான நின்ன."

"நின்னேன்."

அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரல் இறங்கிக்கொண்டே போனது.

"எங்கம்மா செத்த துணி நிரஞ்சி அது. நீ அடியில கெடந்தவ. உனக்கு எப்படிக் கை வந்துச்சு?"

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு எரிக்கப் போறாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

"அதனாலதான் இப்ப சொல்ற. இல்லாட்டி சொல்லிருக்க மாட்ட. நான் கொழும்பு பஸ்ஸுல ஏறுறப்பவும் கை காட்டிக்கிட்டு நின்னுருப்ப. என்னை நம்பலியா நீ?"

"உங்கள நம்புறேங்க. உங்க சந்தோசத்தத்தான் நம்பல." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சந்தோசம் வந்தா உங்க வாய் நிக்காது. விதுஷா வயித்துல இருக்கான்னு நான் போன்ல சொன்னப்ப ஆணி வாங்க வந்தவங்களுக்கெல்லாம் சொன்னவரு நீங்க. பெரியவங்களப் பாத்தா நீங்க ஊருக்கே சொல்லுவீங்க. அப்புறம் வாகனம் வரும். அந்தக் குட்டிங்க கத்துன சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அதோட நீங்களும்தான் தாங்கமாட்டீங்க, உங்களாலதான்னு தெரிஞ்சா."

யோகேந்திரன் திரும்பினான். கீழே ஸில்மியாவைப் பார்த்துக் கையசைத்தான்.

"மிஸ், கீழ தோட்டத்துக்குப் போகணும். எங்க லயத்துல ஒரு அவசரம். உங்கள விடுதியில விடக்கூட நேரமில்ல, மன்னிக்கணும்."

"அவசரமெண்டா வாங்களே, என்னத்துக்கு மன்னிப்பு?"

விடுதி ஜீப்பை அவனே ஓட்டினான். இரத்தோட்டைப் பக்கம் இறங்குகிற அந்த றோட்டில் வளைவுகளுக்குக் கணக்கே இல்லை. முன்சீட்டில் ஸில்மியா, மடியில் கேமரா. பின்சீட்டில் நிரஞ்சனி புருசனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். மிஸ், புலி எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு என்று சொன்னால் போதும். படம் கிடைக்கும், வேலை நிற்கும், கொழும்பு இல்லை. ஒரு வளைவில் அவன் ஸில்மியாவின் பக்கம் திரும்பி, "மிஸ்..." என்றான். நிரஞ்சனி முன்சீட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"கண்ணாடிய மேல ஏத்திக்கங்க, மூட்டம் உள்ள வருது" என்றான்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டித் திரும்பவும் "மிஸ்" என்றான். இந்தத் தடவை எதுவுமே சொல்லாமல் கியரை மாற்றினான். சொல்லாமல் இருக்க அவன் படுகிற பாடு அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிடுங்கள் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அவளும் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்கு ஒன்பதாம் நம்பர் மலைக்கு வந்தபோது எல்லாரும் அங்கே இருந்தார்கள். பந்தம் சுற்றிய கம்புகளோடு நான்கு ஆட்கள், மண்ணெண்ணெய்க் கேன், கங்காணி மாடசாமி, வந்து ஆறு மாதமான சின்ன தொரை. கொழுந்து நிறுத்து முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் றோட்டோரம் நின்ற எட்டுப் பெண்கள். நிரஞ்சனி புருசனோடும் கேமராக்காரரோடும் இறங்குவதைப் பார்த்த நல்லம்மா, "சொல்லிட்டியா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நிரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள்.

யோகேந்திரன் நேராகத் துணி கட்டியிருந்த செடிக்குப் போய், புல்லுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றான்.

"தொரை, இத எரிக்க வேணாம்."

"ஏன்?" சின்ன தொரைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "திங்கக்கெழம ஆள் வாறது. கூடு இருக்க ஏலாது."

"நான் பாத்த கூடு தொரை. பானை அளவு. ரெண்டாவது துணி கட்டுனதே நாந்தான். காத்து இந்தப் பக்கம் அடிக்குது. இப்பப் பந்தத்தக் கொண்டுபோனா புகைக்குக் கெளம்பி நேரா லயத்துக்குத்தான் வரும். புள்ளைங்க இருக்குற லயம்."

"ஒவ்வொரு தடவையும் எரிக்கிறதுதானே?"

பக்கவாட்டில் நின்ற நிரஞ்சனிக்கு யோகேந்திரனின் கைகள் தெரிந்தன, இரண்டையும் பின்னால் கட்டி விரல்களை நெரித்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா இப்படித்தான் தொரை செத்தாங்க. அஞ்சாம் நம்பர் மலையில. அன்னைக்கும் இப்படித்தான் புகை போட்டாங்க. கெளம்பி வந்து... எங்கம்மாவ நாந்தான் முதுகுல தூக்கிக்கிட்டு ஓடுனேன். முப்பத்தேழு கொட்டு."

அன்றைக்கு யாரும் புகை போடவில்லை. கொப்பு ஒடிந்து விழுந்தது என்பது அங்கே நின்ற அத்தனை தோட்டத்து ஆட்களுக்கும் தெரியும். பந்தம் வைத்திருந்த நாலு பேருக்கும் தெரியும், அவர்களில் இரண்டு பேர் பாடையைத் தூக்கினவர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடசாமி யோகேந்திரனைப் பார்த்தார், எட்டுப் பெண்களைப் பார்த்தார், காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிராக மெல்ல ஆடி அடங்கிய மானாப்புல்லைப் பார்த்தார். முப்பது வருசமாக மலை பார்த்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆமாங்க தொரை" என்றார். "நானும் அங்கதான் நின்னேன். புகைதான்."

"பெரிய புகை" என்றான் பந்தக்காரர்களில் ஒருவன்.

சின்ன தொரை பிள்ளைமுகம் மாறாத பையன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதே" என்று யோகேந்திரனின் தோளைத் தொட்டான். கம்பெனிக்காரர்களை மேல் றோட்டு வழியாகக் கூட்டிப்போவதாகவும், கூடு தானாக இடம் மாறும்வரை இந்த மூலையை விட்டுவிடும்படியும் கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனான். பந்தங்களும் போயின. நல்லம்மா தன் போத்தலில் இருந்த கடைசித் தேயிலைச் சாயத்தண்ணியை மூடியில் ஊற்றி, ஒரு துண்டு கருப்பட்டியோடு யோகேந்திரனிடம் நீட்டினாள். வாயைத் திறக்காமல் அவள் ஒரு காரியம் செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஸில்மியா ஜீப்பில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர். மெதுவாக யோகேந்திரனிடம் வந்தார்.

"இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டுதான் நின்டேன். ஒரு குளவியாவது பறக்கல்லயே."

யோகேந்திரன் மூடியைக் கீழே வைத்தான். நிரஞ்சனியைப் பார்த்தான், பிறகு பெண்களை.

"மிஸ்... உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசில்ல. ஆனா இது நான் மட்டும் சொல்ற சங்கதி இல்ல. இவங்க சொல்லணும்."

"செல்ல வேணாம்!" என்று அவசரமாகக் கையை உயர்த்தினார் ஸில்மியா. "ஒருத்தரும் எனக்கு ஒண்டும் செல்ல வேணாம். எனக்குப் பொய் செல்ல வராது. மெனேஜர் கேப்பார், எங்கட வாப்பா கேப்பார். காணல்ல எண்டு நான் செல்லணும். உண்மையா காணாட்டித்தான் எனக்கு அப்படிச் செல்ல ஏலும்."

அவர் கண் மட்டும் ஒரே ஒரு தடவை அந்தப் புல்லுக்குப் போயிற்று. போனதைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தவர்போலத் திரும்பி நின்று, கேமராவைப் பைக்குள் வைத்தார். மூன்று தடவை வந்த மனுசி. அதைப் பார்த்து நிரஞ்சனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவரே மெனேஜருக்குப் போன் எடுத்தார். "இல்ல, காணல்ல... கோபமா? என்னத்துக்கு? இல்ல, கேளுங்க. நான் அடுத்த மாசமும் வாறன், என்ட புருசன் முஸம்மிலோட. யோகேந்திரன் இருந்தா மட்டும்தான் வருவேன். வேற ஆளெண்டா வேணாம்... மலையில இவரப் போல ஆளை நான் காணல்ல. பெரியவரக் காணாட்டியும் இவரக் கண்டேன், எழுதிக்கொள்ளுங்க." கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு மாசம் பாப்பம் எண்டுறார்" என்றார்.

அவரை விடுதியில் விட்டுவிட்டு லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் இருவரும் நடந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. யோகேந்திரன் முன்னால் நடந்தான். காலையிலிருந்து நடந்ததைவிட மெதுவாக.

"கோவம் போகலியா?" என்று கேட்டாள்.

"போகல."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல. இருக்கும் கொஞ்ச நாளைக்கு." மழைத்தண்ணிக் கானைத் தாண்டினவன் நின்று அவளுக்குக் கை கொடுத்தான். தாண்டின பிறகும் விடவில்லை. "இனிமே எங்கிட்ட மறைக்காத நிரஞ்சி. வாயத் தைச்சுக்கச் சொன்னா தைச்சுக்குறேன். ஜீப்புல பாத்தல்ல?"

"பாத்தேன். ரெண்டு தடவ செத்துப் பொழைச்சேன்."

அவன் சிரிக்கப்போனான். சிரிப்பு வரவில்லை, முகம் கோணிக்கொண்டது. அப்படியே பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"உன்னைப் போயி கேட்டேன், கை எப்படி வந்துச்சுன்னு. எனக்கு வாய் எப்படி வந்துச்சு? பொய் சொல்றதுக்கு எங்கம்மாவக் கூப்புட்டேனே நிரஞ்சி. அத்தன பேருக்கு முன்னால."

நிரஞ்சனி பையை இறக்கிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். ஒன்பது வருசமாக அவன் தாயைப் பற்றி அவன் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை.

"கூப்புட்டதும் வந்துட்டாங்கள்ல அத்தை" என்றாள். "குட்டி வச்சிருக்கவள மூடிக் காப்பாத்தணும்னா, அவங்க வேற என்ன செய்வாங்க?"

அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். லயத்திலிருந்து விதுஷா அம்மா, அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. வாறோம், அப்பாவும் வாறாங்க என்று நிரஞ்சனி உரக்கக் குரல் கொடுத்தாள்.